அவர்களுக்குக் கெட்ட கனவு, நமக்குக் கல்யாணப் பேச்சு

ஆலி காண்டியின் ‘மேட்ச்டு’ நாவல் 2010இல் வந்தது. கதை ஒரு விருந்தில் தொடங்குகிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் பளிச்சென்று உடுத்திக்கொண்டு பெற்றோரோடு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, எதிரே இருக்கும் திரையில் ஒரு முகம் வருகிறது. அந்த முகத்துக்குரியவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் என்பதை ‘சொசைட்டி’ என்கிற அரசு புள்ளிவிவரம் போட்டுப் பார்த்து ஏற்கெனவே முடித்துவிட்டது. அமெரிக்காவில் இதைப் படிக்கிற பெண்ணுக்கு இந்த இடத்தில் முதுகு சில்லிட வேண்டும். புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. “இதுல பயப்பட என்ன இருக்கு அத்தை? ஜாதகம் ஒண்ணுதான் கேக்கல. மத்தபடி மேட்ரிமோனி சைட்டுதானே!” என்றாள்.

இந்த வகை நாவல்களை எனக்குப் பழக்கியவள் அவள்தான். லீவுக்குக் கடலூருக்கு வரும்போதெல்லாம் மஞ்சக்குப்பம் வீட்டுத் திண்ணையில் ஒரு பை புத்தகத்தை இறக்குவாள். நாற்பதைத் தாண்டியவளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் கதை எதற்கு என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. காதலையும் கொடுங்கோல் அரசையும் கலந்து எழுதிய இந்த நாவல்களில் பாதி, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் பயமுறுத்துவதே இல்லை. அவர்கள் மெனக்கெட்டுக் கற்பனை செய்த கொடுமை இங்கே பக்கத்துத் தெருவில் பந்தல் போட்டு நடக்கிறது. அந்தப் பயம் கழன்று விழுந்த பிறகும் எது நிற்கிறதோ அதுதான் நல்ல நாவல் என்பது என் அளவுகோல். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு மேலே வாருங்கள்.

காதலைக் குற்றமாக்கும் அரசு என்பது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இல்லை. ரஷ்யரான யெவ்கேனி சமியாத்தின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். யாரோடு யார் இருக்கலாம் என்பதற்கு இளஞ்சிவப்புச் சீட்டு வாங்க வேண்டும். காதலில் விழுந்த கதாநாயகனுக்குக் கடைசியில் அறுவை சிகிச்சை செய்து கற்பனை சக்தியையே எடுத்துவிடுகிறார்கள். 1949இல் வந்த ஆர்வெல்லின் ‘1984’இல் வின்ஸ்டன், எலிக்கூண்டை முகத்துக்கு நேரே கொண்டுவந்ததும் இந்தத் தண்டனையை ஜூலியாவுக்குக் கொடுங்கள் என்று கதறிவிடுகிறான். பெரியவர்களுக்கான டிஸ்டோபியாவில், அதாவது கெட்டுப்போன உலகத்தைக் கற்பனை செய்யும் கதையில், காதல் தோற்கும். அரசின் பலத்தைக் காட்டுவதற்காகவே அங்கே காதல் வருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

பதின்பருவத்தாருக்கு எழுத வந்தவர்கள் இதைத் திருப்பிப்போட்டார்கள். லோயிஸ் லோரியின் ‘த கிவர்’ 1993இல் வந்து அடுத்த ஆண்டே அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதில் ஆசை முளைவிடத் தொடங்கிய நாள் முதல் ஒவ்வொருவரும் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயது யோனாஸ் மாத்திரையை நிறுத்துகிறான், பிறகு ஊரை விட்டே போகிறான். காதல் கதையாக அது வளரவில்லை. ஆனால் ‘உடம்பில் எழும் ஆசைதான் விடுதலையின் முதல் அறிகுறி’ என்ற சூத்திரம் அங்கேயே வந்துவிட்டது. 2005இல் ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் ‘அக்லீஸ்’ வந்தது. பதினாறு வயதானால் எல்லோரையும் அறுவை சிகிச்சை செய்து அழகாக்கிவிடும் உலகம் அது. அதே ஆண்டு ‘ட்வைலைட்’டும் வந்தது. அது ரத்தக் காட்டேரிக் காதல், டிஸ்டோபியாவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் ஒரு பெண், இரண்டு பையன்கள், யார் பக்கம் நீ என்று வாசகிகள் கட்சி கட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கல்லா நிறையும் என்பதைப் பதிப்பகங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

2008இல் சூசன் காலின்ஸின் ‘த ஹங்கர் கேம்ஸ்’. அதற்கப்புறம் வெள்ளம். 2011 ஒரே ஆண்டில் ‘டெலிரியம்’, ‘டைவர்ஜென்ட்’, ‘லெஜெண்ட்’, ‘ஷேட்டர் மீ’ எல்லாம் வந்தன. 2012இல் ‘த செலக்‌ஷன்’. பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ‘நான்’ என்று நிகழ்காலத்தில் கதை சொல்வாள். ஒரு சடங்கு நாள் வரும். ஊரைச் சுற்றி வேலி இருக்கும். வேலிக்கு அந்தப்பக்கத்துப் பையன் ஒருவன், இந்தப்பக்கத்துப் பையன் ஒருவன். பின்னால் வந்தவர்கள் இந்தச் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘ஹங்கர் கேம்’ஸுக்குள் இருந்த கோபத்தை விட்டுவிட்டார்கள்.

‘மேட்ச்டு’க்கே வருகிறேன், அதைச் சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது. நாயகி காசியாவுக்குத் திரையில் வருவது சிறுவயதுத் தோழன் சேண்டரின் முகம். வீட்டுக்குப் போய்த் தகவல் அட்டையைப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடி இன்னொரு முகம், கை என்பவனுடையது, மின்னி மறைகிறது. அங்கிருந்து முக்கோணம் ஆரம்பம். கதையின் உயிர் அந்த முக்கோணத்தில் இல்லை. இந்தச் சொசைட்டி நூறு கவிதைகள், நூறு பாடல்கள், நூறு ஓவியங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டது. கையால் எழுதவும் யாருக்கும் தெரியாது, தட்டச்சு மட்டும்தான். மலையேறும் வகுப்பில் கை என்பவன் மண்ணில் கோடு இழுத்து அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதச் சொல்லிக்கொடுக்கிறான். தொட்டுக்கொள்வதைவிட நெருக்கமான காட்சி அது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சங்கப் பாட்டுகளில் நூறை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எதை வைத்துக்கொள்வோம் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுச் செய்யும் கல்யாணம் பயமுறுத்தவில்லை. அந்த நூறு என்ற எண் பயமுறுத்தியது.

இன்னொரு குறையும் உண்டு. காசியாவின் பெற்றோர் நல்லவர்கள். அவர்களும் அரசுக்குப் பயந்தவர்கள், அவர்களும் பலியானவர்கள். இந்த வகை நாவல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். தீமை எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும், வீடு பாவம். இங்கே படிக்கிறவளுக்கு அந்த இடத்தில்தான் இடிக்கும். நம் ஊரில் எந்த அதிகாரியும் வந்து யாரைக் கட்டிக்கொள் என்று சொல்வதில்லை. சோறு ஊட்டிய கைதான் கதவைச் சாத்துகிறது.

இதை ஓரளவு தொட்டுப் பார்த்த நாவல் லாரன் ஆலிவரின் ‘டெலிரியம்’. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம். காதல் ஒரு நோய் என்று அரசு அறிவித்துவிட்டது. பதினெட்டு வயதில் மூளையில் ஒரு சிகிச்சை. அப்புறம் காதல் வராது, துக்கமும் வராது. அரசு தரும் பட்டியலில் இருந்து ஒருவரைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருக்கலாம். ‘ரோமியோ ஜூலியட்’டைப் பள்ளிக்கூடத்தில் எச்சரிக்கைக் கதையாக நடத்துகிறார்கள். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடங்களிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்தினார்கள் என்பது வேறு விஷயம். நாயகி லீனா சிகிச்சை நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பவள். அப்புறம் அலெக்ஸ் வருகிறான். அவன் வேலிக்கு வெளியே பிறந்தவன். மீதிக் கதையை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

ஊகிக்க முடியாத ஒன்று லீனாவின் அம்மா. அவளுக்கு மூன்று முறை சிகிச்சை செய்தும் பலிக்கவில்லை. வெளியே தெரியாமல் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளோடு ஆடுவாள், பாடுவாள், கட்டிக்கொள்வாள். சிகிச்சை பலித்த மற்ற அம்மாக்கள் பிள்ளைகளைக் கடமைக்கு வளர்க்கிறார்கள். குழந்தை விழுந்து அழுதால் தூக்கவேண்டும் என்றே தோன்றாது. காதலை எடுத்தால் தாய்ப்பாசமும் சேர்ந்து போய்விடும் என்பதை ஆலிவர் சொல்லாமல் சொல்கிற இடம் இது. ஆண்-பெண் காதல் என்று குறுகிப்போயிருக்க வேண்டிய கதை இந்த ஒரு அம்மாவால் அகலமாகிவிடுகிறது. என் அண்ணன் மகளோ அலெக்ஸுக்காகப் படித்தேன் என்கிறாள். வயசு.

‘டெலிரிய’த்தைப் படிக்கும்போது எனக்குச் சங்க அகப்பாட்டுதான் ஞாபகம் வந்தது. இதை வலிந்து சொல்லவில்லை. அந்தக் கதையின் கட்டுமானம் அப்படியே நம் பழைய துறைகளின் வரிசையில் போகிறது. முதலில் களவு என்னும் ரகசியக் காதல். ஊர் வாயில் அலர் என்னும் வம்புப் பேச்சு. தெரிந்ததும் பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு. கடைசியில் காதலனோடு கிளம்பிவிடும் உடன்போக்கு, பாலையைக் கடந்து. லீனாவுக்கு அந்தப் பாலை, வேலிக்கு அப்பால் இருக்கும் காடு. ‘அக்லீ’ஸிலும் ‘மேட்ச்டு’ தொடரிலும்கூட நாயகி ஊரை விட்டு வெட்டவெளிக்குத்தான் போகிறாள். நம் மரபில் தோழி என்று ஒருத்தி இருப்பாள், காதலை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லி அறத்தோடு நிற்பவள். ‘டெலிரிய’த்தின் தோழி ஹானா கொஞ்சம் வேறு மாதிரி. காட்டிக்கொடுத்தது அவள்தான் என்பது மூன்றாம் பாகத்தில் தெரியவரும்போது அலரையும் தோழியையும் ஒரே ஆளாக ஆக்கிவிட்டார்களே என்று திக்கென்றது. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் அது.

சங்கப் பாட்டில் இருந்து இந்த நாவல்களில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு காட்சி வைக்கிறார். ஓடிப்போன மகளைத் தேடிச் செவிலி பாலை வழியில் போகிறாள். எதிரே வரும் அந்தணர்களிடம் இப்படி ஒரு ஜோடியைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு அதனால் என்ன பயன், முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்கு என்ன பயன், யாழில் பிறக்கும் இசையால் யாழுக்கு என்ன பயன், உன் மகளும் அப்படித்தான் என்று அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள். வழியில் போகிற பெரியவர்கள் காதலர் பக்கம் நிற்கிறார்கள். ஓடிப்போனவர்களைத் தேடிவரும் தாயிடம் இப்படிப் பேசுகிற ஒரு பெரிய மனிதரை இந்த நாவல்களில் நான் பார்க்கவில்லை. பெரியவர்கள் என்றாலே சந்தேகம் என்பது பதின்பருவ நாவல்களில் எழுதாத சட்டம் போலிருக்கிறது.

பாட்டில் அப்படி. எங்கள் மாவட்டத்தில் எப்படி என்றால், 2003இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இளம் ஜோடிக்கு, பெண்ணின் குடும்பத்தாரே முன்னின்று விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. வழக்கை மூடிமறைக்கப் பார்த்த போலீஸ்காரர்களும் தண்டனைக்கு ஆளானார்கள். காதலுக்கு மரண தண்டனை விதிக்கும் உலகத்தைக் கற்பனை செய்ய எங்களுக்கு எதிர்காலம் தேவைப்படவில்லை. இந்தச் செய்தியோடு வளர்ந்த ஒரு பெண்ணிடம், அரசு காதலைத் தடை செய்த நாட்டின் கதை என்று ஒரு புத்தகத்தை நீட்டினால், சரி, ஆனால் இதில் சாதி எங்கே என்று கேட்கத்தான் செய்வாள்.

சாதி இருக்கிறது, கீரா காஸின் ‘த செலக்‌ஷ’னில். இல்லேயா என்ற நாட்டில் மக்கள் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்ட சாதிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒன்று அரச குடும்பம். நாயகி அமெரிக்கா சிங்கர் ஐந்து. கலைஞர்களின் சாதி, பாட்டுப் பாடிப் பிழைக்கும் குடும்பம். அவள் காதலன் ஆஸ்பன் ஆறு. வீட்டு வேலை செய்கிறவர்கள். எட்டு என்றால் வீடு வாசல் இல்லாதவர்கள். கல்யாணம் ஆனால் பெண் புருஷனின் எண்ணுக்குப் போய்விடுவாள். ஆகவே அமெரிக்கா ஆஸ்பனைக் கட்டினால் கீழே இறங்க வேண்டும், இளவரசனைக் கட்டினால் ஒரேயடியாக மேலே. இளவரசனுக்குப் பெண் பார்க்க முப்பத்தைந்து பேரைத் தேர்ந்தெடுத்து அரண்மனையில் வைத்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்.

முதல் சில அத்தியாயங்கள் நன்றாகவே இருக்கின்றன. ராத்திரி ஊரடங்கு நேரத்தில் மரவீட்டில் இருவரும் சந்திப்பார்கள். அவனுக்கு வீட்டில் சாப்பாடு போதாது என்று தெரிந்து ஒரு நாள் அவள் நல்ல சாப்பாடாகச் செய்து கொண்டுவருகிறாள். அவன் முகம் மாறுகிறது. நானல்லவா உனக்குப் போட வேண்டும், நீ எனக்குப் போடுவதா என்ற ஆம்பளை ரோசம். அந்த ராத்திரியே உறவை முறித்துக்கொள்கிறான். பசி, சாதி, ஆண் என்ற கர்வம் மூன்றும் ஒரு தட்டுச் சாப்பாட்டில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இதை எழுதத் தெரிந்தவருக்கு மீதியையும் எழுதத் தெரிந்திருக்கும். ஆனால் நாயகி அரண்மனைக்குள் கால் வைத்ததும் சாதி என்பது உடுப்பின் நிறம் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த கவுன், எந்த நகை, இன்று இளவரசன் யாரோடு தோட்டத்தில் நடந்தான் என்று பக்கங்கள் ஓடுகின்றன. எண் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே யார் யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், யார் தெருவில் யார் நடக்கக் கூடாது என்பதெல்லாம் வரவே இல்லை. தொழிலும் வருமானமும்தான் சாதி என்று ஆசிரியர் நினைத்துவிட்டார். காசு கொடுத்து மேல் சாதிக்குப் போகலாம் என்று ஒரு விதி வேறு. இந்தப் பக்கத்து டீக்கடை ஒன்றில் நாலு நாள் உட்கார்ந்திருந்தால் அந்த விதியை அடித்திருப்பார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015இல் வந்த ‘த ஏர்’ நாவலில் சாதி முறை ஒழிக்கப்பட்ட பிறகான தலைமுறை வருகிறது. எண்ணை எடுத்துவிட்டார்கள், ஆனால் யார் முன்பு எந்த எண் என்பதை ஊர் மறக்கவில்லை. தொடரிலேயே எங்களுக்குப் பழக்கமான இடம் அதுதான். ஆனால் அதை எல்லோரும் கடைசியாகத்தான் படிக்கிறார்கள்.

‘டைவர்ஜென்ட்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெரோனிகா ராத் கல்லூரியில் படிக்கும்போதே எழுதிய நாவல். சிகாகோ நகரத்தில் தன்னலமின்மை, நட்பு, நேர்மை, அஞ்சாமை, அறிவு என்று ஐந்து பிரிவுகள். பதினாறு வயதில் தேர்வு வைத்து, பிறகு எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒரு ஆளுக்கு ஒரே குணம்தான் என்ற அடிப்படையே நிற்காது. அதை உடைக்க மூன்று பெரிய புத்தகம் தேவையா என்று எனக்கு அலுப்பு. என் அண்ணன் மகளுக்கோ இது உயிர். காரணம் சொன்னாள். பத்தாவது முடித்த மே மாதம், பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று வீட்டில் ஒரு வாரம் நடந்த பஞ்சாயத்தில் அவள் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாளாம். நாயகி ட்ரிஸ் கையைக் கீறி ரத்தத்தைக் கிண்ணத்தில் விடும் காட்சியை விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துத்தான் அவளால் நினைக்க முடிகிறது. ஒரு புத்தகம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதும் விமர்சனத்தில் சேர்த்தி. 2013இல் வந்த மூன்றாம் பாகத்தில் நாயகியைச் சாகடித்ததற்காக வாசகர்கள் ராத் மேல் பாய்ந்தார்கள். எனக்கு அந்தத் தொடரில் பிடித்தது அந்தத் துணிச்சல் ஒன்றுதான். படமாக மூன்று வந்தது. 2016இல் வந்த மூன்றாவது சரியாகப் போகாததால் கடைசிப் படத்தை எடுக்கவே இல்லை. அத்தோடு அந்த அலை ஓய்ந்தது.

அலை ஓய்ந்தும் நிற்பது ‘ஹங்கர் கேம்ஸ்’. என் அளவுகோலில் அது தனியாக நிற்பதற்குக் காரணம், அதில் காதலை அரசு தடை செய்யவில்லை. காதல் அங்கே வியாபாரம்.

ரியாலிட்டி ஷோவையும் இராக் போர்க் காட்சிகளையும் சேனல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை தோன்றியது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண், இருபத்துநான்கு பேரில் ஒருவர் மிஞ்சும்வரை கொலை, நாடு முழுக்க நேரலை. பன்னிரண்டாம் மாவட்டத்துப் பீட்டா, நேர்காணல் மேடையில் நாயகி காட்னிஸைக் காதலிப்பதாகச் சொல்லிவிடுகிறான். பார்வையாளர்கள் உருகுகிறார்கள். உருகினால் பணம் வரும், பணம் வந்தால் களத்துக்குள் மருந்தும் சாப்பாடும் வரும். குகைக்குள் பீட்டா காயத்தோடு காய்ச்சலில் கிடக்கிறான். காட்னிஸ் அவனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள். வெளியே பாராசூட்டில் ஒரு கிண்ணம் சூப் வந்து இறங்குகிறது. அனுப்பியவர் அவர்களின் வழிகாட்டி ஹேமிட்ச். அவர் சொல்லாமல் சொல்லும் கணக்கு அவளுக்குப் புரிந்துவிடுகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு கிண்ணம். அதற்கப்புறம் அவள் செய்யும் எந்தப் பாசமும் உண்மையா நடிப்பா என்று அவளுக்கே தெரியாது. மூன்று பாகமும் அந்தச் சந்தேகத்தில்தான் ஓடுகிறது. ரீல்ஸில் ஜோடியாக வந்து லைக் வாங்கி, விளம்பரம் வாங்கி, அப்புறம் பிரிந்து அதையும் வீடியோவாகப் போடுகிறவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது எதிர்காலக் கதையே இல்லை. பீட்டா கட்சியா, காட்னிஸின் ஊர்த் தோழன் கேல் கட்சியா என்று அவர்கள் சண்டை போடட்டும். நான் சூப் கட்சி.

இன்னொரு காரணம் கடலூர்க்காரர்களுக்கே உரியது. பன்னிரண்டாம் மாவட்டம் நிலக்கரி வெட்டும் மாவட்டம். காட்னிஸின் அப்பா சுரங்க வெடிப்பில் செத்தவர். தலைநகரம் ஜொலிக்கும், கரி வெட்டுகிறவர்கள் வீட்டில் சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் வந்தால் அதிர்ஷ்டம். எங்கள் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956இல் நிறுவனமாகி, பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற இடம். அதனால் வேலையும் வந்தது, ஊரும் வளர்ந்தது, வருஷா வருஷம் நல்ல புத்தகக் கண்காட்சியும் நடக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் கொடுத்த ஊர்களின் முறையீடும் தலைமுறை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்த எவருக்கும் பன்னிரண்டாம் மாவட்டத்தை அடையாளம் தெரியும். நாவலில் வரும் ‘டெசரா’ கணக்கும் அப்படித்தான். வீட்டுக்குத் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், பிள்ளையின் பெயரைச் சாவுக் குலுக்கலில் இன்னொரு முறை போட வேண்டும். காட்னிஸ் வயதுள்ள வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து சீட்டு, காட்னிஸுக்கு இருபது, கேலுக்கு நாற்பத்திரண்டு. ஏழைகளுக்கு மட்டும் அதிர்ஷ்டம் எப்படிக் குறைகிறது என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எந்தப் பதின்பருவ நாவலும் எண்ணில் காட்டவில்லை. அந்தப் படத்தின் மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்திலும் 2021இல் மியான்மரிலும் ராணுவ ஆட்சியை எதிர்த்தவர்கள் தெருவில் காட்டினார்கள் என்றால் அதற்கு மெனக்கெட்டு விளக்கம் தேவையில்லை.

வேலி தாண்டினால் விடுதலை என்கிற இந்த நாவல்களின் நம்பிக்கை எங்களுக்கு ஓரளவு பழக்கமானது. பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பிக்க 1908இல் பாரதி புதுச்சேரிக்குள் வந்தார். பத்தாண்டு உளவாளிகள் பார்வையில் வாழ்ந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி வந்ததும் கடலூர் அருகே கைதானார். அதே எல்லையை இப்போது முள்ளோடையில் பேருந்து சர்ரென்று தாண்டிவிடுகிறது, சோதிப்பதெல்லாம் பாட்டிலைத்தான். எல்லை இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்தப்பக்கமும் யாரோ ஒருவர் ஆட்சிதான். காலின்ஸுக்கும் இது தெரிந்திருக்கிறது. மூன்றாம் பாகமான ‘மாக்கிங்ஜே’யில் புரட்சி நடத்தும் பதின்மூன்றாம் மாவட்டமும் கையில் நேர அட்டவணையை அச்சடித்துவிடுகிற ஒரு கெடுபிடி ஊர்தான். அதன் தலைவி காயின், பழைய அதிபர் ஸ்னோவுக்குச் சளைத்தவள் இல்லை.

புத்தகங்கள் எங்கே கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் பட்டியல் அங்கிருந்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சட்டைக்கும் செருப்புக்கும் நடுவே தார்ப்பாயில் குவித்திருப்பார்கள். பாதி பழசு, பாதி அச்சு மங்கிய திருட்டுப் பதிப்பு. சில பிரதிகளில் நடுவில் பக்கமே இருக்காது. என்ன படிப்பது என்பதை ரீல்ஸ் சொல்கிறது. வெளிநாடுகளில் டிக்டாக்கில் நடந்தது, 2020 ஜூனில் இங்கே டிக்டாக் தடையானதால் இன்ஸ்டாகிராமுக்கு வந்துவிட்டது. தமிழில் இந்த வயதுக்கென்று தனி அலமாரி இல்லை. அம்புலிமாமா, கோகுலத்தில் இருந்து நாங்களெல்லாம் நேரே ரமணிசந்திரனுக்குத் தாவியவர்கள். பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே இருக்கும் கோபத்துக்குத் தமிழில் புத்தகம் இல்லாததால்தான் இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ஆங்கில மோகம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

கடைசியாக இறங்கிய பையில் இருந்தது ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’, 2025 மார்ச்சில் வந்தது. குடிகார வழிகாட்டியாக நாம் பார்த்த ஹேமிட்சின் பதினாறாம் வயதுக் கதை. ஐம்பதாவது ஆட்டம் என்பதால் மாவட்டத்துக்கு நான்கு பேர், மொத்தம் நாற்பத்தெட்டு. அவன் ஜெயிப்பான் என்று முன்பே தெரியும். லெனோர் டவ் என்ற காதலி இருக்கிறாள் என்று தெரிந்ததுமே அவளுக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிடும். தெரிந்தும் அந்தக் கடைசி அத்தியாயங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. ஸ்னோ அவளைத் துப்பாக்கியால் சுடவில்லை, தூக்கிலும் போடவில்லை. அவளுக்குப் பிடித்த மிட்டாயில் விஷம் வைத்து, அதை ஹேமிட்ச் கையாலேயே ஊட்ட வைக்கிறார். முதல் பாகத்தில் முத்தத்துக்குக் கிண்ணம் என்று கணக்குச் சொன்ன அதே ஆள் இவன்தான் என்பது ஞாபகம் வந்தால், அந்தக் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

என் அண்ணன் மகளுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பீட்டி, மேக்ஸ், எஃபி என்று பழைய ஆட்களை எல்லாம் இழுத்துவந்து வைத்திருக்கிறார்கள், ரசிகர்களுக்குத் தீனி என்கிறாள். அது சரிதான். நூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்கிறாள், அதுவும் சரி. லெனோர் டவ் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறாளே தவிர ஒரு முழு மனுஷியாக வரவில்லை என்று அவள் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஹேமிட்ச் சொல்லும் கதை இது. செத்துப்போனவளை அவன் அப்படித்தான் ஞாபகம் வைத்திருப்பான், குறையே இல்லாதவளாக. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது 2020இல் வந்த ‘பாலட்’ நாவலை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஸ்னோவின் இளமைக் கதை. அதில் காதலிப்பவனே கொடுங்கோலன் ஆகப்போகிறவன் என்பதால், எங்கள் இருவர் கணக்கில் எது ஜெயிக்கிறது என்று அப்போது பார்க்கலாம்.